அரை முகத்துக்கு நடிக்க மாட்டேன்

சினிமாப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கும் என் அண்ணன் மகளுக்குச் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் சுகம். அங்கே நீயும், என் போட்டோ கடையிலிருந்து வாங்கிப் போன இரண்டு விளக்குகளும் சுகம்தானே? அதில் ஒன்றை நீ இன்னும் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை என்பதால், அது நிச்சயம் சுகமாகத்தான் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் படத்தின் கடைசிக் காட்சியில் நடிக்க நான் வர மாட்டேன். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகளுக்காக ஒரு அப்பா நாற்காலியில் காத்திருக்கிறார், அவர் மனசு இருட்டு, அதனால் அறையும் இருட்டாக இருக்க வேண்டும் என்றாய். சரி, மனசு இருட்டு, முகம் என்ன பாவம் செய்தது? ஜன்னலுக்கெல்லாம் அட்டை அடித்தாய், வெளியே எடுத்த ஒரே விளக்குக்கும் வெளிச்சத்தை மங்கலாக்கப் பட்டர் பேப்பரைச் சுற்றி மூலையில் நிறுத்தினாய், போதாததற்கு என் இடப்பக்கம் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டாய். சுவரில் பட்டுத் திரும்பும் கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் அது குடித்துவிடுமாம். நான் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறவன் அம்மா. இரண்டு காதும் தெரிய வேண்டும், பின்னால் நிழல் விழக் கூடாது, விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நான் படித்த படிப்பு இவ்வளவுதான். பழக்க தோஷத்தில் ஒவ்வொரு டேக்கிலும் விளக்குப் பக்கம் நகர்ந்து, மோவாயை நிமிர்த்தி, நேரே பார்த்துவிட்டேன். அதற்கு உன் கேமராக்காரன், அந்த நெட்டை, "அங்கிள், மக வீட்ட விட்டுப் போயிட்டா, நீங்க விசாவுக்கு உக்காந்திருக்கீங்க" என்கிறான். எல்லோரும் சிரித்தார்கள், நீயும்தான். நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் போர்வைக்கு முன்னால், வெளிச்சம் என் முகத்துக்குத் திரும்பட்டும் என்று, வெள்ளைத் தெர்மகோலைச் சாய்த்து வைத்தது யார் என்று விசாரித்தாயே, நான்தான். மறுபடியும் வைப்பேன்.

கையில் காசில்லாததால் இருட்டு என்றால் புரிந்துகொள்வேன். விளக்கை வைத்துக்கொண்டே இருட்டு என்றால், சோற்றை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிற கதைதான். ஊரார் முகத்தையெல்லாம் நான் எடுத்திருக்கிறேன். என் முகத்தை யாரும் எடுத்ததில்லை. முதல் தடவையாக நீ எடுக்கிறாய், அதையும் பாதிதான் எடுக்கிறாய். எனக்கு வலிக்கிறது, சொல்லிவிட்டேன். மார்க் போடுகிறவர் உன்னை ஃபெயில் ஆக்கினாலும் சரி, உன் அப்பாவே வந்து நின்றாலும் சரி, இரண்டாவது விளக்கு எரிந்தால்தான் இந்தக் கட்டை அந்த நாற்காலியில் உட்காரும்.

மற்றபடி நேரத்துக்குச் சாப்பிடு, இருட்டில் ஒயர் தடுக்கி விழாதே. சகல வெளிச்சத்தோடும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
முழு முகமுள்ள உன் சித்தப்பா

பின்குறிப்பு: நெட்டையிடம் கொடுத்தனுப்ப இதை மடித்து வைத்த பிறகுதான் நீ போனில் அனுப்பியிருந்த படத் துண்டைப் பார்த்தோம். கன்னத்தில் ஒரு கீற்று, நாற்காலிக் கையில் என் விரல்கள், அவ்வளவுதான். உன் சித்தி இன்னொரு தடவை போடச் சொன்னாள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "என்கிட்ட சொல்லாம எத்தன நாளா இப்படித் தனியா உக்காந்திருக்கீங்க?" என்றாள். நடிப்புதான் என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. அதிலிருந்து திட்டு இல்லை, கேட்காமலே டீ வருகிறது, கடைக்கே வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவேன். பெட்டியில் இருக்கிற இரண்டாவது விளக்கை எவனாவது வெளியே எடுத்தால் எழுந்து போய்விடுவேன். முதல் விளக்கையும் கொஞ்சம் தள்ளியே வை.