முழுத்திரையும் முப்பத்து நான்கு மதிப்பெண்ணும்

அறியாதவன் செய்யும் பிழை அவனோடு போகும். அறிந்தவன் என்று சொல்லித் திரிபவன் செய்யும் பிழையோ ஊரறியாமல் அடங்குவதில்லை.

தமிழாசிரியப் பணி ஓய்வுக்குப் பின் லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளம் கற்ற முதியவன் என்ற செருக்கோடு போடியில் நான் உலவிய காலம் அது. ஐந்து வரன்களை மறுத்த என் மகள் கயல்விழி, பக்கத்துத் தேவாரம் ஊரிலிருந்து பெண் பார்த்துச் சென்ற இளைஞருக்கு முதன்முறையாகத் தலையசைத்திருந்தாள். மணநாள் குறிக்க, அவள் சாதகக் கட்டத்தை அவருடைய தாயார் கேட்டார். அது என் கணினியில் இருந்தது.

"போனுல ஒரு போட்டோ புடிச்சு வெரசா அனுப்புங்கப்பா. சோலி முடிஞ்சுச்சு" என்றாள் மகள்.

திரையைக் கைப்பேசியால் எடுப்பதா? (பிறகு லினக்ஸ் எதற்கு?) பத்து நொடி கழித்துத் திரையைப் படமாக்குமாறு கட்டளை தட்டச்சிட்டேன். கட்டளைச் சாளரத்தைச் சுருக்கிவிட்டு, ஒளிப்பட நிலையத்தில் அமர்ந்தவனைப்போல் மூச்சடக்கி, நெஞ்சு நிமிர்த்தி, கூரையை நோக்கியிருந்தேன். (படம் திரைக்கு, தோரணை எனக்கு!) விளைந்த படத்தைத் திறந்தும் பாராமல் மின்னஞ்சலில் விடுத்தேன்.

சாதகச் சாளரத்தை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் எடுத்ததோ முழுத்திரை. சாதகத்தின் அருகே, விடைத்தாள் திருத்திய பழக்கத்தில் வரன்களுக்கு நான் இட்ட மதிப்பெண் பட்டியல் விரிந்து கிடந்தது: 'தேவாரம்: நூற்றுக்கு முப்பத்து நான்கு. பேச்சில் பிறமொழிக் கலப்பு மிகுதி. தாயார் குரல் மலைமேல் இருக்கும் போடிமெட்டு வரை கேட்கும்.'

மறுநாள் காலை அந்தத் தாயாரே அழைத்தார்.

"அண்ணே, எங்கொரலு போடிமெட்டுக்குக் கேக்குதா? இல்ல, இன்னுங் கொஞ்சம் சத்தமாப் பேசவா?"

அப்போதுதான் அனுப்பிய படத்தைத் திறந்தேன். கயல்விழி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்குப் புடிச்ச ஒருத்தரையும் பெயிலாக்கிட்டீகளேப்பா!" என்று கண்கலங்கினாள்.

மாலையில் தாயும் மகனும் வந்திறங்கினர். உறவு முறிந்தது என்றே எழுந்து நின்றேன். மாப்பிள்ளை ஒரு தாளை நீட்டினார். மறுமதிப்பீட்டு விண்ணப்பம்! பிறமொழிச் சொல் ஒன்றுமில்லை, ஒற்றுப்பிழையும் இல்லை. என் மாணவர் எவரும் எனக்கு அப்படியொரு தாளைத் தந்ததில்லை.

"பாஸ் மார்க்குக்கு ஒண்ணுதான கொறையுது மாமா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றார். (தூய தமிழ் தாளோடு முடிந்தது.)

"போட்டு விடுங்கண்ணே! எம்மவன் ராத்திரி பூரா அகராதியும் கையுமா கெடந்தான்" என்றார் தாயார்.

கயல்விழி சிரித்துவிட்டாள். நான் போட்டேன்.

அந்தப் படம் இன்று தேவாரத்து வீட்டுக் கூடத்தில், மணமக்கள் படத்தின் அருகே சட்டமிட்டுத் தொங்குகிறது. வருவோர்க்கெல்லாம் சம்பந்தியம்மா அதைக் காட்டுகிறார்: "எங்கண்ணன் எடுத்தது. ஒரு எழுத்தாச்சும் மங்கியிருக்கா பாருங்க!"

மங்கவில்லைதான். அதில் எனக்கு இன்றளவும் பெருமையே.