ஜெபத்தில் வைத்துக்கொள்கிறவர்

உதவி செய்கிறவர்கள், செய்யாதவர்கள் என்று உலகத்தில் இரண்டே இனம்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மூன்றாவது இனத்தை இன்னும் சந்திக்கவில்லை என்று அர்த்தம். அவர்தான் ஜெபத்தில் வைத்துக்கொள்கிறவர். ஏணியைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றால் ஜெபத்தில் வைத்துக்கொள்வார். குடை இரவல் கேட்டால் ஜெபத்தில் வைத்துக்கொள்வார். ஆலுவா ஸ்டேஷனில் உங்கள் பெட்டியை ரயிலில் ஏற்ற ஒரு கை வேண்டும் என்றால், இரண்டு கையையும் கூப்பி ஜெபத்தில் வைத்துக்கொள்வார். பெட்டியை நீங்கள்தான் ஏற்ற வேண்டும்.

தப்பாக நினைக்க வேண்டாம். ஜெபம் நல்லது, அது இல்லாமல் நம்மில் பலருக்குப் பொழுதே விடியாது. இவரும் பொய் சொல்கிறவர் இல்லை. வைத்துக்கொள்கிறேன் என்றால் உண்மையாகவே வைத்துக்கொள்வார். வைத்த இடத்தைவிட்டு அசைய மாட்டார், அவ்வளவுதான்.

கொச்சியில், மட்டாஞ்சேரி மார்க்கெட்டில் வெங்காயம் விற்கும் செல்லதுரையைப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷம் ஆகிறது. அவர் குடியிருக்கும் சந்தில் பாலக்காட்டுத் தமிழர் உண்டு, கொங்கணிக்காரர் உண்டு, குஜராத்தி சேட்டு உண்டு, முனையில் பள்ளிவாசலும் உண்டு. இத்தனை பேரும் தன்னைப் பார்த்துக் கர்த்தரை அறிய வேண்டும் என்பது அவருடைய மனசிலிருந்த ஒரே பாரம். அதற்காக அவர் என்னதான் செய்யவில்லை? தினமும் காலை ஐந்தரைக்கே, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் உட்பட நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு, ரோஜாப் பூவும் சூரிய உதயமும் போட்ட வசனம் போனில் அனுப்பினார். நூறு ரூபாய்க்கு வெங்காயம் வாங்கியவருக்கு ஒரு கைப்பிரதி, இருநூறு ரூபாய்க்கு வாங்கியவருக்கு இரண்டு கைப்பிரதி கொடுத்தார். சரியான வழி எது என்று சொல்லும் ஸ்டிக்கரை ஸ்கூட்டரின் முன்னாலும் பின்னாலும் ஒட்டி, அந்த ஸ்கூட்டரைச் சந்து முனையில் குறுக்கே நிறுத்திவைத்தார். சந்துக்காரர்கள் தினமும் வசனத்தைப் படித்துக்கொண்டே வேறு வழியாகப் போனார்கள்.

இந்த நிலையில்தான் வேலியேற்றம் வந்தது. பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும், கால்வாய் நிரம்பும், உப்புத் தண்ணீர், அழைக்காத விருந்தாளி மாதிரி சந்துக்குள் நுழையும். செல்லதுரை மாடியில் இருந்ததால் அவருக்குக் கவலையில்லை. கீழ் வீட்டுக் கமலாக்ஷி மாமிக்குத்தான் கவலை. கணவர் போன பிறகு மாமி இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் காலம் தள்ளினார். மாவு இருந்தது ஃப்ரிட்ஜில். ஃப்ரிட்ஜ் இருந்தது தரையில்.

சனிக்கிழமை காலை மாமி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"துரை! வெள்ளம் வந்துண்டிருக்கு. இந்த ஃப்ரிட்ஜை பெஞ்சு மேல ஏத்தணும். சித்தே வரேளா?"

செல்லதுரை ஓடித்தான் வந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். எதிர்வீட்டு அனிலும் வந்து ஒரு பக்கத்தைப் பிடித்தான். ஆனால், இருபது வருஷமாகச் சந்து கேட்காத ஒரு ஜெபத்தைக் கேட்க வைக்க இதைவிட நல்ல நேரம் எப்போது கிடைக்கும்?

"மாமி, ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுத் தூக்கிருவோம்."

கண்ணை மூடினார். அடுத்தவர் தெய்வத்தை நடுவில் நிறுத்துவது மட்டாஞ்சேரியில் மரியாதை இல்லை. ஆகவே மாமியும் மூடினார், அனிலும் மூடினான். செல்லதுரை மாமியின் வீட்டுக்காக ஜெபித்தார், சந்துக்காக ஜெபித்தார், கொச்சித் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்காகவும் அதிலுள்ள மாலுமிகளுக்காகவும் ஜெபித்தார், களமசேரியில் படிக்கிற பிள்ளைகளின் பரீட்சைக்காக ஜெபித்தார், ஆளுகிறவர்களுக்கு ஞானம் கேட்டார். தண்ணீர் இந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று அவர் கட்டளையிட்டபோது அது தாண்டி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

"சேட்டா, வெள்ளம் கேறிப்போச்சு கேட்டோ!" என்றான் அனில்.

ஆமென் சொல்வதற்குள் ஃப்ரிட்ஜ் ஒரு முறை உறுமி, நின்றுவிட்டது.

மூன்று பேரும் கணுக்கால் தண்ணீரில் நின்றார்கள். உள்ளே நாற்பது பாக்கெட் மாவு. ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் பொங்கிப் புளித்துவிடும். ஒரு வாரப் பிழைப்பு போய்விடும். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று செல்லதுரை வாய் திறந்தார். பழகிய வாய் அல்லவா, பழகியதையே சொன்னது.

"மாமி... நான் இதை ஜெபத்துல வச்சுக்கிடுதேன்."

மாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் செல்லதுரை தப்பித்திருப்பார்.

"உங்க ஜெபத்துல நெறைய எடம் இருக்கு, துரை. கப்பலெல்லாம் வந்து நிக்கறது. உங்க ஃப்ரிட்ஜ்ல எடம் இருக்கா?"

இருக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம்; வருகிற இருபத்தைந்து பேருக்காக மசாலா தடவிய மத்தி மீன் எட்டுக் கிலோ ஃப்ரிட்ஜை அடைத்துக்கொண்டிருந்தது. செல்லதுரை மாடி ஏறி, மனைவி ஜெபக்கனியின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.

"இதுக்குக் கர்த்தருடைய சித்தம் என்னன்னு கொஞ்சம் காத்திருந்து..."

"மாவு காத்திருக்காதுங்க. அடுப்பைப் பத்த வையுங்க," என்றாள் ஜெபக்கனி.

எட்டுக் கிலோ மீனையும் பொரித்தார்கள். வாசலில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கெல்லாம் செல்லதுரையே தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்; கைப்பிரதி வைக்கத் தட்டில் இடமில்லை. அப்புறம் ஃப்ரிட்ஜை மூன்று தரம் சோப்பும் எலுமிச்சம்பழமும் போட்டுக் கழுவினார். மாமி வந்து உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்து, "இன்னொரு தரம்" என்றார். நாலாம் தரமும் கழுவினார். தண்ணீர் வடியும் முன்பே மாவு முழுக்க மேலே ஏறியது.

சாயங்காலம் மீன் வாசனையை நம்பி வந்த விசுவாசிகளுக்கு மாமியின் மாவில் அவித்த இட்லி கிடைத்தது. அவர்கள் முகத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். சாப்பிடும் முன் சபை மூப்பர், "சகோதரர் செல்லதுரை சாட்சி சொல்வார்" என்றார். எல்லாரும் சுவரில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். செல்லதுரையின் சாட்சி முக்கால் மணிக்குக் குறையாது.

அவர் எழுந்தார். கையை மோந்து பார்த்தார். இன்னும் எலுமிச்சை வாசனை.

"மாவு புளிக்கல. ஸ்தோத்திரம்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை ஸ்கூட்டர் சந்து முனையில் இல்லை, ஓரமாக நின்றது. அதைக் கவனித்த அனில் மாமியிடம், "செல்லதுரை சேட்டனுக்குச் சுகமில்லையோ?" என்று கவலையோடு விசாரித்தான்.

இதைப் படித்ததும், 'எங்கள் சபையிலும் இப்படி ஒருவர் இருக்கிறார், பாவம், அவருக்காக ஜெபிக்க வேண்டும்' என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? தோன்றட்டும், நல்லதுதான். கண்ணை மூடும் முன் ஒரே ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். எழுந்துபோய் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள்.