நைனா தேறிய ஆறாம் சுற்று

என் குறிப்பேட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இரண்டே வரிகள். "காலை 6.20: மலையில் மொட்டை போட்டாயிற்று. காலை 10.47: நான் நானல்ல என்று தெரிவிக்கப்பட்டது."

எதற்கும் நேரம் குறித்து வைப்பது என் பழக்கம். (வியாதி என்பார் அம்மா.) அதனால் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கேட்டு நான் பட்ட பாட்டை நிமிடம் பிசகாமல் சொல்ல முடியும்.

மொத்தம் ஆறு சுற்றுகள். முதல் சுற்றில் என் தகவல்களையெல்லாம் ஒரு கோப்பாக ஏற்றச் சொன்னார்கள். ஏற்றியதும், அதே தகவல்களைக் கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். செய்ததும், கேமரா என் முகத்தைப் படம் பிடித்துவைத்துக்கொண்டது. அப்போது எனக்கு அடர்த்தியான முடி. இரண்டாம் சுற்று கணக்கு. மூன்றாவதில், எனக்கு எளிதில் கோபம் வருமா என்று ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாக நாற்பது தடவை கேட்டார்கள். முப்பத்தைந்தாவது தடவை வந்தது. நான்காவதில் ஆளில்லாத திரையைப் பார்த்துச் சிரித்தபடி பேச வேண்டும். ஐந்தாவதில் ஆள் இருந்தார். பதினோரு நிமிடம் அவர் குரல்தான் வரவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. படித்து முடித்துப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. இதுவும் கிடைக்காவிட்டால் பொதட்டூர்பேட்டையில் மாமாவின் லுங்கிக் கடையில் போய் உட்கார வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

இறுதிச் சுற்றுக்கு அழைப்பு வந்தது. வேலை கிடைத்தால் எனக்கு மொட்டை போடுவதாக அம்மா முருகனிடம் வேண்டியிருந்தார். இப்போது திட்டத்தை மாற்றினார்.

"முன்னாடியே போட்டுடலாண்டா."

"வேலை கெடைச்ச பிறகுதானேம்மா போடணும்?"

"எல்லாரும் அப்புறந்தான் குடுக்கறாங்க. நாம மொதல்லயே குடுத்துட்டா, சாமி எப்படிடா மாட்டேன்னு சொல்லுவாரு?"

எனக்கு அதில் பிழை தெரியவில்லை. எங்கள் ஊரான திருத்தணியில் மொட்டைத் தலையோடு நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கேமரா பார்க்கும் என்று தோன்றவில்லை.

பதினொரு மணிக்கு நேர்காணல். தலையில் சந்தனம், கழுத்தில் டை. கேமரா முன் உட்கார்ந்தேன். "பதிவான முகத்துடன் பொருந்தவில்லை. இன்னும் இரண்டு முயற்சிகள்" என்றது திரை. சந்தனத்தைக் கழுவிவிட்டு வந்தேன். இன்னும் ஒரு முயற்சி என்றது.

நைனா உள்ளே வந்தார். (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்.) சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போட்டு ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு, மூக்கும் தாடையும் என்னுடையவை. (வரிசைப்படி, என்னுடையவை அவருடையவை.) தலையில் கறுகறுவென்று சாயம்.

"இன்னா பண்ணிகினு இருக்கே?"

"என்னை நான் இல்லன்னு சொல்லுது நைனா."

"ஆங்? எங்க, காட்டு."

கண்ணாடி இல்லாததால் திரைக்கு வெகு அருகே குனிந்தார். பச்சை விளக்கு எரிந்தது. அடையாளம் உறுதி செய்யப்பட்டது. நான் மடிக்கணினியைப் பிடுங்குவதற்குள் திரையில் ஒரு பெண்மணி தோன்றிவிட்டார்.

"வணக்கம். தமிழ்லயே பேசலாமா? உங்களப் பத்திச் சொல்லுங்க."

கேட்டால் பதில் சொல்வது நைனாவின் இயல்பு. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முப்பத்தோரு வருஷம் எடைமேடைல இருந்தேங்க. ஒரு வண்டிக்காரன் எங்கிட்ட சண்ட போட்டதில்ல."

அந்தப் பெண்மணி தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் அடுத்த கேள்விக்குப் போனார்.

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?"

"எழுபதத் தாண்டியிருக்கணும்மா. முருகன் பாத்துப்பாரு."

அந்தம்மா சிரித்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நைனாவை இடித்துக்கொண்டு என் மொட்டையை உள்ளே நுழைத்து, "மேடம், விண்ணப்பித்தது நான்" என்றேன். திரை சிவந்தது. "அறையில் அந்நியர் ஒருவர் இருக்கிறார்" என்று அறிவித்துவிட்டு அணைந்தது.

"ஒழுங்காத்தானே பேசிகினு இருந்தேன்," என்றார் நைனா.

ஒரு வாரம் கழித்து மின்னஞ்சலில் கடிதம் வந்தது. "உங்கள் நீண்ட அனுபவமும் பொறுமையும் எங்களைக் கவர்ந்தன. எனினும் இம்முறை வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்." என் விண்ணப்பத்தில் அனுபவம் என்ற கட்டத்தில் நான் நிரப்பியிருந்தது பூஜ்யம்.

முடி வளர்ந்துவிட்டது. இதை லுங்கிக் கடையில், துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா நைனாவைக் காட்டி, "கம்பெனிக்கு இவரதான் புடிச்சிருந்துது. இவன் பூந்து கெடுத்துட்டான்" என்கிறார். நைனா மறுப்பதில்லை.

அந்தக் கடிதத்தில் நிராகரிக்கப்பட்டது நானா, நைனாவா என்று விளக்கம் கேட்டு இருமுறை எழுதினேன். அந்த முகவரிக்குப் பதில் அனுப்ப இயலாது என்று இருமுறையும் திரும்பி வந்தது. எனவே குறிப்பேட்டில் அந்த 10.47 வரிக்கு எதிரே "உறுதி செய்யப்படவில்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன்.