நோனுச் சாறும் சியெனியின் முகமும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது சின்ன விஷயம். தீவுத் தலைநகரமான ஆப்பியாவில் எங்கள் நிறுவனம் நோனுப் பழச்சாற்றைப் புட்டியில் அடைத்ததுதான் பெரிய விஷயம். விளம்பர அதிகாரி என்ற முறையில் இதை முழு ‘நடுநிலை’யோடு சொல்கிறேன்.

சாறு குமட்டும். “அது நாத்தமில்ல, ஆன்டிஆக்ஸிடன்ட்” என்பார் முதலாளி பெனியாமினா.

மூட்டுவலிக்கும் முடி உதிர்வுக்கும் ஏற்கெனவே ‘தீர்வு’ கண்டுவிட்டதால், அடுத்து வெண்புள்ளியை ஒழிப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். நோயாளியைத் தேடி அலையவில்லை. வரவேற்பு மேசையிலேயே இருந்தாள் சியெனி. இரண்டு கையிலும் வெள்ளைத் திட்டுகள்; முகத்தில் ஒன்றும் இல்லை.

“சியெனி, உன் தோலுக்கு நிறம் குடுக்கிற செல்லெல்லாம் ஆக்சிஜனேற்ற அழுத்தத்துல தவிக்குது. நம்ம சாறு காப்பாத்தும்” என்றார் முதலாளி.

“அந்த அழுத்தத்தப் பத்தி டாக்டரம்மாவும் சொன்னாங்க, முதலாளி. ஆனா சாறு குடிச்சா சரியாகும்னு யாரும் நிரூபிக்கலையாம். களிம்பத்தான் விடாம பூசச் சொன்னாங்க. இப்பதான் விரல்ல கொஞ்சம் நிறம் வருது.”

“களிம்ப நிறுத்திடு.”

“ஏன்?”

“நிறம் வந்தா பெருமை களிம்புக்குப் போயிடும்ல?”

அறிவியல் நேர்மை என்றால் இதுதான். சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவள் சியெனி. கைகளைப் பார்த்துச் சிறுபிள்ளைகள் கிசுகிசுப்பது அவள் காதிலும் விழுந்திருந்தது. சம்மதித்தாள். படம் எடுத்தோம்.

காலையும் மாலையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் வயிறு கெட்டது. விரலில் வந்த நிறமும் போயிற்று. திட்டு வாயைச் சுற்றி, கண்ணைச் சுற்றிப் பரவியது. மறுபடி படம் எடுத்தோம். அவசரக் கூட்டம் கூடியது.

“‘முன்’னவிட ‘பின்’ மோசமா இருக்கேடா!” என்று முதலாளி தலையில் கைவைத்தார்.

அங்கேதான் என் மேதைமை சுடர்விட்டது. “வரிசைய மாத்திடலாம், முதலாளி.”

ஓட்டல் மண்டபத்தில் வெளியீட்டு விழா. மேடையில் ஆளுயரப் பதாகை: ‘முன்’ என்று திட்டு முகம், ‘பின்’ என்று தெளிந்த முகம். சியெனிக்குச் ‘சிறப்பு விடுப்பு’ வழங்கியிருந்தோம். ஆனால் அவள் வந்தாள்.

“லீவு குடுத்தோமே, எதுக்கு வந்தே?” முதலாளி பல்லைக் கடித்தார்.

“‘பின்’ படத்துல இருக்கிறவளத் தேடி வந்தேன், முதலாளி. எனக்கும் அவளப் பாக்கணும்போல இருக்கு.”

மேடையேறி அந்தப் படத்துக்குக் கீழேயே நின்றாள். முன்வரிசை அத்தை ஒருத்தி எழுந்தாள். “ஏண்டி, அது உன் பழைய படமில்ல?”

“ஆமா அத்தை. படம் ரெண்டும் நெசம். வரிசைதான் பொய்.”

விசாரணைக் குழு அமைத்தோம். சாற்றில் குறையில்லை, சியெனியிடம்தான் ‘ஒழுங்கீனம்’ என்று கண்டு அவளை வேலைநீக்கம் செய்தோம். டாக்டரம்மா களிம்பை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறாராம். முகம் தேற நாளாகுமாம். எனக்குப் பதவி உயர்வு.

எங்கள் சாறு நிறத்தை மாற்றுமா என்று இனி யாரும் சந்தேகப்பட வேண்டாம். அன்று, ஊரார் முன்னிலையில், ஒரே நிமிடத்தில் எங்கள் சாயம் முழுசாக வெளுத்தது.