எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் வீடு

மழைக்காலம் விடைபெற்றுவிட்டது, பனிக்காலம் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே, யாருக்கோ காத்திருப்பதுபோல் வானம் வெளிறிக் கிடந்தது. மரங்கள் கடைசி ஈரத்தை உதிர்த்துவிட்டு அசைவற்று நின்றன. பகல் நீளமானதென்று நம்பச் செய்து சட்டெனச் சாய்ந்துவிடும் பருவம் அது. காரணமில்லாத ஓர் அலைவை நெஞ்சில் வைத்துவிட்டுப் போகும் பருவம்.

அத்தகையதொரு பிற்பகலில், புத்தம்புதிய சிறு வீட்டு வண்டி ஒன்று நகரப் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றது.

"இங்க ஏங்க நிறுத்துனீங்க?" என்றாள் மனைவி.

ஓட்டுநர் தம் கைகளை ஐயத்தோடு நோக்கினார். "நான் நிறுத்தலம்மா. கை நிறுத்திடுச்சு."

அது உண்மைதான். பணிக்காலம் முழுதும் ஒரே வழித்தடத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஒரு நிறுத்தத்தையும் தாண்டாதவர் என்பதால், பணிமனையில் அவருக்கு 'நிறுத்தம்' என்றே பெயர்.

"அந்தக் கையைக் கொஞ்சம் கடற்கரைப் பக்கம் போகச் சொல்லுங்க. கல்யாணமான நாள்லேர்ந்து கேக்குறேன், கடல்ல சூரியன் இறங்குறதப் பாக்கணும்னு. எந்த லீவு நாள்லயும் உங்களுக்கு டூட்டி. இன்னிக்கும் இல்லன்னா இனிமே நான் கேக்கவே மாட்டேன்."

சண்டை பிடித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். கேட்கவே மாட்டேன் என்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அந்த ஒரு மாலைக்காகத்தான் கட்டிலும் அடுப்பும் கழுவுதொட்டியும் கொண்ட இந்த வண்டியையே அவர் வாங்கினார்.

அவசரமாகக் கிளம்ப முனைந்தார். ஆனால், நிறுத்தத்தில் நின்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கை அறியும். அது கதவுப் பொத்தானை அழுத்தியது. பக்கக் கதவு பணிவோடு விலகியது. கூடை ஏந்திய ஓர் அம்மாள் படியைத் தடவித் தடவி ஏறினாள்.

"இன்னிக்கு வருவீங்கன்னு சொன்னாங்கய்யா. காலையிலேர்ந்து நிக்கிறேன்."

ஓட்டுநர் மனைவியின் பக்கம் திரும்பினார். "பாத்தியா? என்னை யாருமே தேடலன்னு சொன்னியே!"

"அம்மா, நீங்க எங்க போகணும்?" என்று மனைவி கேட்டாள்.

"நீங்க கூட்டிட்டுப் போற இடத்துக்குத்தான் தாயி. படுக்கணுமா, உட்காரணுமா?"

"எப்படி வசதியோ அப்படி," என்றாள் மனைவி, வேறொன்றும் தோன்றாமல்.

கூடைக்காரம்மா புதுவிரிப்பின்மேல் நீட்டிப் படுத்தாள்.

"அடுத்த நிறுத்தத்துல இறக்கி விட்டுடறேன்," என்று ஓட்டுநர் மனைவியின் காதில் ஓதினார்.

இறக்கிவிட நின்றார். கதவு திறந்தது. கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் கதவுநிலையில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இதானே அந்த வண்டி?"

"இதேதான்!" என்றார் ஓட்டுநர் பெருமிதத்துடன். தம் புதுவண்டியின் புகழ் அதற்குள் ஊரெங்கும் பரவிவிட்டதே!

கடிகாரக்காரர் அடுப்பின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கையை உரக்க வாசிக்கத் தொடங்கினார். "வாயுக் குழாயை… மூடிய பின்… இதுக்குக் கீழ இருக்கிறது வரலம்மா."

"பொடி எழுத்து, விடுங்க."

"விட்டுட்டா எப்படி?" என்று அவர் மறுபடி முதல் வரிக்குப் போனார்.

இதற்குள் கூடைக்காரம்மா எழுந்து கழுவுதொட்டியில் முகம் கழுவினாள். இரவுக்கென்று நிரப்பிய நீர் முழுவதும் அவள் திருமுகத்துக்கே ஆகிப்போனது. பின்னால் வந்த நிஜப் பேருந்தோ, ஒலிப்பானை அலறவிட்டு விரட்டியது.

மூன்றாம் நிறுத்தம் தெரிந்ததும், கணவரின் இடக்கையை மனைவி இறுகப் பிடித்துக்கொண்டாள். வண்டியைக் கால் நிறுத்திவிட்டது. கதவு திறக்காதிருக்க வேண்டுமென்று, அவளே ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். பக்கவாட்டில் சுருட்டி வைத்திருந்த நிழல்துணி, கோயில் கொடிமரத்துக் கொடிபோல் கம்பீரமாக விரிந்தது. அங்கிருந்த நால்வர் அதன் கீழே வரிசை பிடித்து நின்றார்கள்.

"பந்தல்லாம் போட்டுப் பண்றாங்கப்பா!" என்றார் ஒருவர்.

ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்கித் துணியைச் சுருட்டுவதற்குள் நால்வரும் ஏறிவிட்டார்கள்.

கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் குரலை உயர்த்தினார். "வண்டி இதுக்கு மேல போகாது. எல்லாரும் இறங்குங்க!"

ஒருவரும் அசையவில்லை.

"இவ்வளவு நேரம் உட்கார்ந்தாச்சு. வந்த வேலை ஆகாம எப்படி இறங்குறது?" என்றார் கடிகாரக்காரர்.

"பிரிய மனசில்ல, பாத்தியா," என்று ஓட்டுநர் நெகிழ்ந்தார்.

"எனக்கு இருக்கு," என்றாள் மனைவி. "சூரியன் இறங்குதுங்க." அவள் குரலில் கோபம் இல்லை. கணவருக்கு முதுகு காட்டிச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஓட்டுநர் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார். "எல்லாரும் நல்லாப் பிடிச்சுக்குங்க. கடலுக்கே போறோம்!"

"அங்கதான் பெரிய ஏற்பாடாய்யா?" என்றாள் கூடைக்காரம்மா.

"ரொம்பப் பெரிய ஏற்பாடு!"

வழியில் இருந்த நிறுத்தங்களையெல்லாம், பல்லைக் கடித்துக்கொண்டு, வாழ்வில் முதன்முறையாக அவர் தாண்டினார். ஒவ்வொன்றிலும் கை துடித்தது. மனைவி மறுபடி அதைப் பிடித்துக்கொண்டாள்; பிடியை விடவில்லை.

மணலோரம் வண்டி நின்றபோது, செங்கதிரோன் நீரைத் தொட்டும் தொடாமலும் இருந்தான். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். அலைநுனி பாதத்தில் படும்வரை நடந்தாள். கைகளைக் குவித்தாள். சற்றுத் தள்ளி, ஓட்டுநரும் குவித்தார். அவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே நின்றாள்.

பின்னால் மணலைத் துழாவியபடி வந்த கூடைக்காரம்மா, ஓட்டுநரின் தலையைத் தேடித் தடவிக் கைவைத்தாள்.

"புள்ளகுட்டியோட மகராசனா நீடூழி இருக்கணும், டாக்டரய்யா! ஊர் ஊரா வண்டியெடுத்து வந்து இனாமாக் கண்ணு பாக்குற மனசு யாருக்கு வரும்? சரி, எனக்கு எப்பய்யா சொட்டு மருந்து விடுவீங்க?"