பன்னிரண்டு திரையில் ஒரு வாசுகி

ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்பான். நான் அதோடு நிற்காமல், அந்தக் கோணலை அளந்து நிரூபிக்கப் புறப்பட்டவன். அதுவும் மாமனாரைக் கூட்டிக்கொண்டு.

கலியாணமாகி நாற்பத்தோராம் நாள் என் மனைவி வாசுகி ஒஸ்லோவுக்குத் திரும்பிப் போனாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் தாதி வேலை. எனக்கு விசா வரும்வரை நான் சாவகச்சேரியில் காத்திருக்க வேண்டும். முதல் சில மாதம் தொலைபேசியில் வாய் ஓயாமல் கதைத்தோம். பிறகு கதை வற்றிவிட்டது.

"அங்கை குளிரோ?"

"ஓம். அங்கை?"

"வெயில்."

(ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேர் மணிக்கணக்காகப் பேசாமல் இருக்கலாம். தொலைபேசியில் அரை நிமிடம் பேசாவிட்டால் "ஹலோ, லைன் இருக்கோ?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.)

அதற்கு வாசுகிதான் வழி கண்டுபிடித்தாள். இணையத்தில் ஒரு கார்ப்பந்தய விளையாட்டு. ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் அவள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஓடுவோம். ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. வளைவுகளில் அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது மட்டும் என் காதுக்குள் கேட்கும். எனக்கு அது போதுமாயிருந்தது.

ஆனால் எல்லாப் பந்தயத்திலும் தோற்றேன். ஒன்றில் இரண்டில் அல்ல, எல்லாவற்றிலும். வளைவு வந்ததும் பொத்தானை அழுத்துவேன். என் கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். தேடிப் படித்ததில் காரணம் பிடிபட்டது. சில திரைகள் படத்தை அழகுபடுத்திக் காட்டுவதற்காக ஒரு கணம் பிந்துமாம். குற்றவாளி நானில்லை, திரை என்று அறிந்ததும் எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சொல்லி முடியாது.

சிக்கல் என்னவென்றால், நான் விளையாடிய திரை, வாசுகியின் அப்பா, அதாவது மாமா, கலியாணத்துக்குப் பரிசாகத் தந்த தொலைக்காட்சி.

மாமா கரவெட்டியில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். நான் புதுத் திரை வாங்கப்போகும் செய்தி காற்றுவழி அவரை எட்டிவிட்டது. சனிக்கிழமை காலையிலேயே வந்து நின்றார்.

"நான் தந்த ரீவி பிந்துதாம் எண்டு கேள்விப்பட்டன். எவ்வளவு பிந்துது?"

"கொஞ்சம், மாமா."

"கொஞ்சம் எண்டு கணக்கிலை ஒரு எண் இல்லைத் தம்பி. வாரும், அளப்பம்."

யாழ்ப்பாண நகரத்தில் பெரியதொரு கடைக்குப் போனோம். சுவர் முழுக்கப் பன்னிரண்டு திரைகள். எல்லாவற்றிலும் ஒரே தங்கமீன் நீந்திக்கொண்டிருந்தது. ஒரு பெட்டியிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் படம் போகிறது என்றார் முதலாளி. அவரைக் கெஞ்சி, மீனை எடுத்துவிட்டு அந்தப் பெட்டியில் என் மடிக்கணினியைக் கொழுவினேன். செக்கனை ஆயிரமாக நறுக்கி ஓடுகிற ஒரு கடிகாரத்தைத் திறந்தேன். அளக்கும் வழி சுலபம். மடிக்கணினியும் சுவரும் ஒன்றாகத் தெரியும்படி கைபேசியால் படம் எடுக்க வேண்டும். எந்தத் திரையின் இலக்கம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறதோ, அது அவ்வளவு பிந்துகிறது.

நான் படத்தைப் பெருப்பித்து வாசிக்க, மாமா கொப்பியில் எழுதிக் கழித்தார். "நாலாம் நம்பர், அறுபத்தொண்டு! ஆறாம் நம்பர், வெறும் பன்னிரண்டு!" என்று வகுப்பறைக் குரலில் அறிவித்தார். கடைக்கு வந்த சனம் கூடிவிட்டது. ஒருவர், "லொத்தர்ச் சீட்டு முடிவோ?" என்று கேட்டார்.

சரிபார்க்க இன்னொரு படம் எடுப்போம் என்று கைபேசியைத் தூக்கினேன். அப்போதுதான் மடிக்கணினியில் வாசுகியின் அழைப்பு வந்தது. துண்டிக்கப் பாய்ந்த பதற்றத்தில் பச்சையை அமத்திவிட்டேன்.

பன்னிரண்டு வாசுகிகள் சுவரில் எழும்பினார்கள். தலை சீவவில்லை. முகத்தில் நித்திரை.

"என்னப்பா, இண்டைக்கும் தோக்க ரெடியோ?"

பன்னிரண்டு ஒலிபெருக்கிகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. கோயில் திருவிழாவுக்குத் தெருநீளம் கட்டிய குழாய்களைப்போல "ரெடியோ... டியோ... யோ..." என்று கடையைச் சுற்றி வந்தது. சனம் கொல்லென்று சிரித்தது. நான் கண்ணால் சாடை காட்டினேன். அவள் அதைத் துக்கமென்று எடுத்துக்கொண்டாள்.

"ஏன் உப்பிடிப் பாக்கிறியள்?" முகம் மாறியது, கண் கலங்கியது. "எனக்கும் ஏலாமல்தான் கிடக்கப்பா. காலமை எழும்பினா வீடு வெறுமையாக் கிடக்கு. அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. நான் சந்தோசமா இருக்கிறன் எண்டு அவர் நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

சிரிப்பு நின்றது. முதலாளி தரையைப் பார்த்தார்.

மாமா கொப்பியை மூடினார். கமரா மடிக்கணினியில் இருப்பது அவருக்குத் தெரியாது. சுவரில் ஆகப் பெரிய திரையைத் தெரிந்தெடுத்து, அதன் முன்னால் போய் நின்று கேட்டார்:

"பிள்ளை, தேத்தண்ணி குடிச்சியே?"

"அப்பா?" பன்னிரண்டு பேரும் திடுக்கிட்டார்கள். "எங்கை நிக்கிறியள்? குரல்தான் கேக்குது, ஆளைக் காணேல்லை!"

நான் ஓடிப்போய் மடிக்கணினியைத் தூக்கிவந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அழுகையும் சிரிப்புமாகத் தகப்பனும் மகளும் கதைத்து முடியும்வரை, நான் ஒரு மேசையைப்போல அப்படியே நின்றேன்.

வெளிக்கிடும்போது முதலாளி மெல்லிய குரலில் கேட்டார்: "தம்பி, பழைய ரீவியிலை படம் பிந்தாமல் இருக்க 'கேம் மோட்' எண்டு ஒண்டு இருக்குமே. அதைப் போட்டுப் பாத்தனீங்களோ?"

போட்டுப் பார்க்கவில்லை. (அப்படியொன்று இருப்பதே தெரியாது.)

பஸ் கைதடியைத் தாண்டியது. மாமா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"அந்த ஆறாம் நம்பர்தான் கெதியாக் காட்டுது. அதிலை பிள்ளை முதலே அழுதிட்டாள்."

அன்று பின்னேரம் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்த அமைப்பைக் கண்டுபிடித்துப் போட்டேன். பொத்தானைத் தொட்டதும் கார் திரும்பியது. அப்படியும் தோற்றேன். அதுவும் வழக்கத்தைவிட மோசமாக.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

"வேலை முடிஞ்சு வந்தா வீட்டிலை கதைக்க ஆள் இல்லையப்பா. நான் ஒவ்வொரு நாளும் தனிய ஓடிப் பழகிறனான்."

அதற்குப் பிறகு தோற்பதற்கு நான் காரணம் தேடவில்லை.

கடையில் அழைப்பை எடுத்த அந்தப் பதற்றத்தில் என் விரல் பட்டு, பன்னிரண்டு வாசுகிகளும் கைபேசியில் ஒரு படமாக விழுந்திருந்தார்கள். விசா வர மேலும் இரண்டு வருடம் பிடித்தது. அவ்வளவு காலமும் அதைத்தான் எடுத்து எடுத்துப் பார்த்தேன். சில திரைகளில் அவள் கண் மூடியிருக்கிறது. சிலவற்றில் அப்போதுதான் திறக்கிறது.

இப்போது ஒஸ்லோவில் ஒரே வீட்டில் இருக்கிறோம். மாமா இங்கே வரும்போதெல்லாம், "இவர் என்ரை மருமகன். பன்னிரண்டு பெஞ்சாதிக்காரன்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார். கேட்பவர்கள் மிரண்டுபோய்ப் பார்த்த பிறகு, கணக்கு வாத்தியார் ஆறுதலாக விளக்கம் சொல்வார்.

போன முறை அதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் நாலு வயது மகள், தாயின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப மற்றப் பதினொரு அம்மாவும் எங்கை?"

வாசுகி என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அவையள் இன்னும் அப்பா வருவாரெண்டு பாத்துக்கொண்டு நிக்கினம்" என்றாள்.