பதினோரு மணித் திருடன்

தன் வீட்டுக் கரண்டைத் திருடுகிறவனைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று மின்சார ஆபீஸ் சாமிக்கண்ணு சபதம் செய்தார். சபதம் செய்வதில் மனிதர் கெட்டிக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன், மகள் ஹேமலதா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனும் அந்த நாட்டுக் குடியுரிமையும் உள்ள ஒருவரின் மகன் ஜெஸ்டினைக் கட்டிக்கொண்டபோதும் ஒரு சபதம் செய்தார்: அவள் இனி இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

திருட்டு தெரியவந்தது இப்படி. 2008இல் முதலியார்பேட்டையில் இரண்டு தெருவுக்குப் பரீட்சார்த்தமாகப் புது மீட்டர் மாட்டினார்கள். அரை மணிக்கு ஒரு தரம் எவ்வளவு கரண்ட் ஓடியது என்று அதுவே குறித்து வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை அதைக் கம்ப்யூட்டரில் இறக்கி, வழக்கம் மாறின வீட்டைக் கண்டுபிடிப்பது சாமிக்கண்ணு வேலை.

ஆகஸ்ட் வரைக்குமான கணக்கைச் சேர்த்துப் பார்த்ததில் ஒரு வீட்டுக் கணக்கு மட்டும் இடித்தது. மே மாதம் வரை பரம சாது. ஜூனிலிருந்து தினமும் காலை பதினோரு மணிக்கு அரை மணி நேரம் எகிறுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.

"திருட்டுப் பயலுக்கு வார லீவு வேற! யாரு வூடுன்னு பாருய்யா" என்றார். சிவப்பு மையால் அடிக்கோடு போட்டார்.

உதவியாளர் தணிகாசலம் சர்வீஸ் நம்பரைத் தட்டிப் பார்த்து எச்சில் விழுங்கினார். "சார்... இது உங்க வூடு."

பில் கட்டுவது மனைவி. தன் வீட்டு நம்பர் சாமிக்கண்ணுவுக்கு எங்கே தெரியும்?

"ஆதி, நம்ம ஒயர்லேர்ந்து எவனோ கரண்ட் எடுக்கறான்" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"எடுத்தா எடுத்துட்டுப் போறான்" என்றாள் ஆதிலட்சுமி.

"டெய்லி பதினோரு மணிக்கு வர்றான்டி! நீ இன்னா பண்ணிக்கினு இருக்க?"

"சோறு வடிச்சிக்கினு இருப்பேன்."

"பக்கத்து வூட்டு ஆளா இருக்குமோ?"

"நீங்கதான் பெரிய ஆபீசராச்சே. நீங்களே கண்டுபிடிங்க."

பேச வேண்டிவந்தால் ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுப்பவள், அதோடு எழுந்து போய்விட்டாள்.

புதன்கிழமை டிபன் பாக்ஸோடு ஆபீஸுக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பினார். மார்க்கெட்டை ரெண்டு சுற்று சுற்றிவிட்டுப் பத்தரைக்குப் பின்வாசல் வழியாக வந்து, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் தடியோடு பதுங்கினார். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. மணி பதினொன்று. எவனும் வரவில்லை.

ஆதிலட்சுமிதான் வந்தாள். கையில் ஒரு சின்ன நீலப் பிளாஸ்டிக் தொட்டி. சுத்தமாக இருந்த தொட்டியை மறுபடி கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். பாத்ரூம் படியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

சாமிக்கண்ணு தடியோடு எழுந்தார். "ஏண்டி, இன்னாடி இது? யாருது இந்தத் தொட்டி?"

அவள் திடுக்கிடக்கூட இல்லை. "உங்க திருடனுது."

"எந்தத் திருடன்?"

"ஹேமா புள்ள. மூணு மாசமா இங்கதான் குளிச்சான். நீங்க ஆபீஸ் போனப்புறம் ஆட்டோல தூக்கியாருவா. நான் ஹீட்டர் போட்டு, கால்ல போட்டு ஊத்துவேன்."

பேரன்! முகம் பார்க்காத பேரன் குளித்த நேரத்துக்கெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அதுவும் நின்னுருக்கும்."

தடியை மெதுவாகச் சுவரோரம் வைத்தார். கண் தெருப் பக்கம் போனது.

"மணி பதினொன்னே கால் ஆவுது. இன்னும் காணமே? நான் வோணா உள்ள ரூம்லயே இருந்துக்கறேன் ஆதி. ஜன்னல் வழியா ஒருவாட்டி பாத்துக்கறேன். வெளிய வர மாட்டேன்."

ஆதிலட்சுமி அவரையே பார்த்தாள். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவர்மேல் அவளுக்கு இரக்கம் வந்தது.

"நீங்க பாத்தது போன மாசத்து மீட்டரு. போன வெள்ளிக்கிழமையே ஜெஸ்டின் ரெண்டு பேரையும் பிரான்ஸுக்குக் கூட்டிக்கினு பூட்டாரு."

"திரும்பி எப்ப வருவாங்க?" என்றார் சாமிக்கண்ணு.

அவள் தொட்டியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

"எனக்கு இன்னா தெரியும்? வந்தா உங்க மீட்டரு சொல்லும்."